வாங்க மறுத்த கை

என் மாணவி ஒருத்தியின் அம்மா ஒரு மதிய வேளையில் எங்கள் துறை அறைக்கு வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. பைக்குள் துணிப் பொட்டலம், பொட்டலத்துக்குள் 4,20,000 ரூபாய். “இதைக் கொடுக்கத்தான் டீச்சர் நாலு மாசமா அலையுதேன். வாங்க மாட்டேங்காரு” என்றார்.

அவர் கணவர் உயிரோடிருந்தபோது வீட்டை அடமானம் வைத்து உள்ளூர்க்காரர் ஒருவரிடம் 3,00,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு இரண்டு வட்டி, மாதம் 6,000. கணவர் இறந்ததும் வட்டி கட்டுவது நின்றுபோனது. பதினாறு மாதம் கழித்து, இருந்த நகைகளை விற்று, சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்து, அசலும் வட்டியுமாக 3,96,000 ரூபாயைத் திரட்டிக்கொண்டு இவர் போனார். முதல் முறை, அண்ணாச்சி வெளியூர் போயிருக்கிறார் என்ற பதில். இரண்டாம் முறை, கணக்குப் பார்க்க வேண்டும், அடுத்த மாதம் வா என்ற பதில். மூன்றாம் முறைதான் ஆளைப் பார்க்க முடிந்தது. “பத்திரம் உங்க வீட்டுக்காரர் பேருலல்லா இருக்கு. நீங்க கொடுத்தா நான் எப்படிம்மா வாங்க முடியும்?” என்று கேட்டிருக்கிறார். நான்காம் முறை வெளிக்கதவு பூட்டியிருந்தது. உள்ளே டிவி சத்தம் கேட்டதாம். இப்படி அலைந்த நான்கு மாதத்தில் கடன் மேலும் 24,000 ரூபாய் ஏறியிருந்தது.

“கடன் வாங்குனவுக ஒளிஞ்சி பாத்திருக்கேன். கொடுத்தவுக ஒளிவாகளா டீச்சர்?”

நான் தமிழ் கற்பிப்பவள், சட்டம் படித்தவள் அல்லள். வழக்கறிஞராக இருக்கும் தோழியிடம் அவரை அழைத்துப் போனேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. தமிழில் ‘கடன்காரன்’ என்ற சொல் வாங்கியவனையும் குறிக்கும், கொடுத்தவனையும் குறிக்கும். ஓடி ஒளிகிற கடன்காரன் என்றால் நமக்கு வாங்கியவன்தான் நினைவுக்கு வருகிறான். கொடுத்தவன் ஒளிந்த கதைக்கும் நீண்ட வரலாறு உண்டு என்பதைத் தேடிப் படித்தபோதுதான் அறிந்தேன். அந்த வரலாற்றுக்குள் இன்னொரு வரலாறும் இருந்தது. கடனை அடைத்த பணம் யாருடையது, அடைத்தவராகப் பதிவான பெயர் யாருடையது என்ற வரலாறு அது.

மறுப்பின் கணக்கு

கொடுத்த பணம் திரும்பி வரும்போது ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார்? அவர் எதிர்பார்ப்பது பணத்தை அல்ல என்பதுதான் காரணம். மாணவியின் அம்மா வீட்டுக்குச் சற்றுத் தள்ளி நான்குவழிச் சாலை வந்திருக்கிறது. மூன்று லட்சத்துக்கு ஈடாக எழுதிய மனையின் மதிப்பு இன்று அதைப்போலப் பல மடங்கு. பணத்தை வாங்கிக்கொண்டால் கடன் முடிந்துவிடும். வாங்காமல் இருந்தால் வட்டி ஏறும். ஏறிய வட்டியைக் கட்ட முடியாமல் ஒருநாள் மனையே வந்து சேரும். மறுப்பு என்பது கடனை நிலமாக மாற்றும் ஒரு வழி.

எல்லா லேவாதேவிக்காரர்களும் இப்படி நிலத்துக்கு ஆசைப்பட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பர்மாவில் கடன் கொடுத்த நகரத்தார்கள் பணம் பணமாகவே சுழல வேண்டும் என்று விரும்பியவர்கள். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அவர்களிடம் இருந்த நிலம் சுமார் 6 விழுக்காடு. 1938வாக்கில் அது 25 விழுக்காடு ஆனது. பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, உழவர்களால் கடனைத் திருப்ப முடியாமல் போனதால் வந்து சேர்ந்த நிலம் அது. அங்கே பணம் வரவில்லை. நம் மஞ்சள் பை கதையில் பணம் வாசல்வரை வந்தது, வாங்கத்தான் ஆளில்லை. பக்கத்து வயலின் மீது கண் வைத்துக் கடன் கொடுக்கும் பெரிய நிலக்காரருக்கும், ஊர் ஊராக வட்டிக்கு விடும் வணிகருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னவருக்குத் தவணை தவறுவதே லாபம்.

பணத்தை வைக்க ஓர் இடம்

இந்தத் தந்திரம் மிகப் பழையது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எருசலேமிலிருந்து தொடங்கலாம். மதில் சூழ்ந்த நகரத்தில் வீட்டை விற்றவர் ஓராண்டுக்குள் பணத்தைக் கொடுத்து அதை மீட்டுக்கொள்ளலாம், தவறினால் வீடு வாங்கியவருக்கே நிலைத்துவிடும் என்பது லேவியராகமம் 25ஆம் அதிகாரம் சொல்லும் விதி. வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? பன்னிரண்டாம் மாதத்தின் கடைசி நாளில் ஒளிந்துகொண்டார்கள். பணத்தோடு வந்தவர் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினார், பொழுது சாய்ந்ததும் வீடு போனது. யூத சட்ட மரபைத் தொகுத்த மிஷ்னா இதைப் பதிவுசெய்து, ஹில்லெல் என்ற அறிஞர் கண்ட தீர்வையும் சொல்கிறது. விற்றவர் பணத்தை ஆலயத்தின் அறையில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். பிறகு கதவை உடைத்துத் தன் வீட்டுக்குள் போகலாம். மற்றவர் எப்போது விரும்புகிறாரோ அப்போது வந்து தன் பணத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

ரோமானியச் சட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. கொடுத்தவர் வாங்க மறுத்தால் பணத்தை முத்திரையிட்டுக் கோயில் போன்ற பொது இடத்தில் ஒப்படைக்கலாம். அன்றோடு வட்டி நிற்கும்.

நம் பக்கத்திலும் இது இருந்தது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் வியவகாரப் பகுதி இதை நேராகவே பேசுகிறது. திருப்பிக் கொடுக்கும் பணத்தைக் கடன் கொடுத்தவர் வாங்காவிட்டால் அதை நடுநிலையான ஒருவரிடம் வைத்துவிட வேண்டும், அதற்குமேல் அந்தப் பணத்துக்கு வட்டி வளராது என்கிறது. மீட்க வந்தவரிடம் அடகுப் பொருளைக் கொடுக்காதவர் திருடருக்குச் சமம் என்றும், கொடுத்தவர் ஊரில் இல்லையென்றால் அவர் குடும்பத்தாரிடம் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் பொருளை மீட்கலாம் என்றும் சொல்கிறது. ‘அண்ணாச்சி வெளியூர்’ என்ற பதிலுக்கு விதி எழுதும் அளவுக்கு அந்தப் பதில் அந்தக் காலத்திலேயே பழகிப்போயிருக்கிறது.

ஆலய அறை, கோயில், நடுவர் என இடங்கள் வேறு வேறாக இருந்தாலும் யோசனை ஒன்றுதான். மறுக்கும் கையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பணத்தை வைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் பணம் சேர்ந்த நொடியில் மறுப்பின் பலம் போய்விடும்.

கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் ஆட்சிக்கு வந்தபோது அங்கே ‘பை-பில்-வஃபா’ என்ற நிபந்தனை விற்பனை பரவலாக இருந்தது. பத்திரத்தைப் பார்த்தால் விற்பனை. குறித்த நாளுக்குள் பணம் திரும்பினால் நிலம் திரும்பும், இல்லையென்றால் போகும். எருசலேமில் நடந்தது இங்கும் நடந்தது. குறித்த நாள் கடந்துபோகும்வரை பணம் வாங்காமல் தட்டிக்கழித்தார்கள். 1798ஆம் ஆண்டின் முதல் ஒழுங்குவிதி இந்த மோசடியைத் தடுக்கவே கொண்டுவரப்பட்டது. தவணைக்குள் பணத்தைத் திவானி அதாலத்தில் கட்டிவிடலாம் என்று அது வழி செய்தது. 1806ஆம் ஆண்டின் 17ஆம் ஒழுங்குவிதி, நிலத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்ள நினைப்பவர் நோட்டீஸ் கொடுத்து ஓராண்டு பொறுக்க வேண்டும் என்றது.

சென்னை மாகாணத்தில் பாதை இவ்வளவு நேராக இல்லை. இங்கும் அடமானம், ஒத்தி, போக்கியம், திருப்பி எழுதித் தரும் நிபந்தனையோடு கூடிய கிரயம் எனப் பல வகைப் பத்திரங்கள் இருந்தன. தவணை கடந்தாலும் மீட்கும் உரிமை போகாது என்று 1858 முதல் சென்னை நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துவந்தன. 1870இல் பட்டாபிராமய்யர் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. ஆங்கிலேயரின் நியாயக் கோட்பாட்டை இந்த நாட்டுப் பத்திரத்தின்மேல் ஏற்றக் கூடாது, தவணை போனால் நிலம் போனதுதான் என்றது. 1875இல் தம்புசாமி முதலியார் வழக்கிலும் அதே கருத்தைச் சொன்னது. ஆனால் 1858க்குப் பிறகு மக்கள் வேறு நம்பிக்கையில் பத்திரம் எழுதியிருப்பதால் அவற்றைக் கலைக்கத் தயங்கியது, சட்டம் இயற்றுவோர் தலையிட்டுத் தெளிவாக்க வேண்டும் என்றது. 1882இல் வந்த சொத்து மாற்றுச் சட்டம் அந்தத் தெளிவைக் கொடுத்தது. அதன் 60ஆம் பிரிவு மீட்கும் உரிமையைச் சொல்கிறது. ஒருமுறை அடமானமாக எழுதியது என்றைக்கும் அடமானம்தான் என்று நீதிமன்றங்கள் இன்றுவரை சொல்வது இந்தப் பிரிவை வைத்துத்தான். 83ஆம் பிரிவு, கெடு வந்த கடனை நீதிமன்றத்தில் கட்டலாம் என்கிறது. 84ஆம் பிரிவு, முழுத்தொகையை முறையாகக் கொடுக்க முன்வந்த நாளிலிருந்தோ, நீதிமன்றத்தில் கட்டி அந்தத் தகவல் எதிராளிக்குச் சேர்ந்த நாளிலிருந்தோ வட்டி நிற்கும் என்கிறது.

ஹில்லெலின் ஆலய அறை இப்போது நீதிமன்றக் கணக்காகிவிட்டது. இதுவரை நிறைவான கதைதான். ஆனால் அந்த அறைக்குள் பணத்தோடு நுழைய அனுமதிக்கப்பட்டவர் யார் என்று கேட்டால் கதை மாறுகிறது.

மீட்பவர் யார்?

அதே விவிலியத்தில் ரூத்தின் கதை இருக்கிறது. கணவனையும் மகன்களையும் இழந்த நகோமியின் குடும்ப நிலத்தை மீட்க வேண்டும். ஊர்வாசலில் பெரியவர்கள் கூடுகிறார்கள். மீட்கும் உரிமையுள்ள நெருங்கிய உறவினன் ஒருவன் பின்வாங்குகிறான், அடுத்த உறவினனான போவாஸ் மீட்கிறான். நிலத்தின் பெயரால் பேசப்படும் இரண்டு பெண்களும் அந்த வாசலில் பேசவில்லை. மீட்பு அவர்களுக்காக நடக்கிறது, ஆனால் மீட்பவர் ஆண்.

யாக்ஞவல்கியத்துக்குத் திரும்புவோம். வாங்க மறுத்தால் நடுவரிடம் வை என்று கடன்பட்டவருக்கு வழி சொன்ன அதே பகுதியில் இன்னொரு விதி உள்ளது. பஞ்சம், தருமக் காரியம், நோய், தான் தடுத்து வைக்கப்படும் நெருக்கடி ஆகியவற்றில் கணவன் மனைவியின் சீதனத்தை எடுத்துக்கொண்டால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. வெளியாளிடம் வாங்கியது கடன். அதற்குச் சாட்சி, கணக்கு, வட்டி, நடுவர் எல்லாம் உண்டு. மனைவியிடம் வாங்கியது கடனே அல்ல. குடும்பத்துக்கு நெருக்கடி வரும் நேரங்களின் பட்டியலைத் தயாரித்து, அந்த நேரங்களில் அவள் பொருளுக்குக் கணக்கு வேண்டாம் என்றது சாத்திரம்.

ஏட்டில் இருந்த இந்த விதியை நம் வீடுகள் ஏட்டைப் பார்க்காமலேயே கடைப்பிடித்தன. வயலை மீட்கக் கழற்றிய வளையல், சிறுவாட்டுப் பணம், கடைசியில் மஞ்சள் கயிற்றுக்கு மாறிய தாலிக்கொடி ஆகியவற்றின் கதை இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. ‘உன் பாட்டி நகையை வித்துத்தான் அந்த வயலைத் திருப்பினோம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். திரும்பிய வயலின் பட்டா யார் பெயரில் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். நம் அடமானச் சட்டத்தின் கோட்பாட்டுக்குத் தாய்வீடான இங்கிலாந்தில், மீட்கும் உரிமை என்பது வெறும் சலுகை அல்ல, நிலத்தின்மீதான சொத்துரிமையே என்று நிலைநாட்டிய புகழ்பெற்ற வழக்கு 1738ஆம் ஆண்டின் காஸ்போர்ன் எதிர் ஸ்கார்ஃப். அந்த வழக்கில் அடமானம் வைக்கப்பட்டிருந்தது மனைவியின் நிலம். அவள் மீட்கும் உரிமையில் கணவனுக்குப் பங்கு உண்டா என்பதே கேள்வி. உண்டு என்றார் நீதிபதி ஹார்டுவிக். அப்படியானால் கணவன் அடமானம் வைத்துவிட்டு இறந்தால், மீட்கும் உரிமையில் விதவைக்கு அவளுடைய வழக்கமான பங்கு உண்டா? இல்லை என்றே ஆங்கில நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. 1833இல் சட்டம் மாறும்வரை இதுதான் நிலை. ஒரே உரிமை, கணவன் கேட்டால் சொத்து, மனைவி கேட்டால் ஒன்றுமில்லை.

இங்கே 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, மீட்கத் தகுதியுள்ளவர்களைப் பட்டியலிடுகிறது. அடமானம் வைத்தவர் மட்டுமல்ல, அந்தச் சொத்தில் உரிமையோ பாத்தியதையோ உள்ள எவரும் மீட்கலாம். ஆண், பெண் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் சொத்தில் உரிமை உள்ளவர் யார் என்பதை முடிவுசெய்தது வேறு சட்டம். கூட்டுக் குடும்பத்தில் கணவன் இறந்தால் அவன் பங்கு மற்ற ஆண்களிடம் சேர்ந்தது, விதவைக்குக் கிடைத்தது ஜீவனாம்சம். சொத்து அவளுக்கே வந்த குடும்பங்களிலும் அது ஆயுள்வரை அனுபவிக்கும் ‘விதவைச் சொத்து’ மட்டுமே. சட்டம் ஒப்பும் அவசியம் இருந்தால்தான் அவள் அதை அடமானம் வைக்க முடியும். 1856இல் ஹனுமான் பிரசாத் வழக்கில், சிறுவனான வாரிசுக்காகச் சொத்தை நிர்வகித்த தாய் எழுதிக் கொடுத்த அடமானம் பற்றிப் பிரிவி கவுன்சில் சொன்ன விதி பிறகு விதவைகளுக்கும் பொருத்தப்பட்டது. கடன் கொடுப்பவர் அவசியம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்த விதி. வாரிசின் நலனைக் காக்க வந்த விதிதான். ஆனால் விதவையின் கையெழுத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு விசாரணை நின்றது.

1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் கணவனுக்கு இருந்த பங்கு விதவைக்கு ஆயுள் உரிமையாகக் கிடைத்தது. ஆனால் மாகாணங்களின் விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று 1941இல் ஃபெடரல் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததே காரணம். சென்னை மாகாணம் தனிச்சட்டம் செய்து விவசாய நிலத்துக்கும் அதை நீட்டித்தது 1947இல். இந்தப் பத்தாண்டுகளுக்கு நடுவே, 1938இல், ராஜாஜி அமைச்சரவையின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. வாங்கிய அசலைப்போல இருமடங்கு செலுத்தியிருந்தால் கடன் தீர்ந்தது என்றது அது. கடன்பட்டவருக்குப் பெரிய விடுதலைதான். ஆனால் விவசாயி என்றதும் சட்டத்தின் மனக்கண்ணில் வந்தவர் நிலத்துக்கு உடையவர். நகையைக் கொடுத்த கைகளுக்கு அந்தச் சட்டத்திலும் வரிசை இல்லை.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவின் வழியே, பெண்ணின் சொத்தை முழு உரிமையுள்ள சொத்தாக்கியது. விதவையும் மகளும் முதல் வரிசை வாரிசுகள் ஆனார்கள். தமிழ்நாடு 1989இல் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது, நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. மாணவியின் அம்மாவிடம் ‘நீங்க கொடுத்தா நான் எப்படிம்மா வாங்க முடியும்’ என்று கேட்டவருக்கான பதில் 1956லேயே எழுதப்பட்டுவிட்டது. அவரும் அவர் மகளும் அந்த வீட்டின் வாரிசுகள், மீட்கும் தகுதி உள்ளவர்கள். கேட்டவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. கேட்கப்பட்டவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில் கேட்ட கேள்வி அது.

எழுதாத சொல்

இந்த வரலாற்றில் பெண்களை அதிகம் வீழ்த்தியது எழுத்தில் வராத வாக்கு. 1929இல் சொத்து மாற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது ஒரு நிபந்தனை சேர்ந்தது. கிரயம்போலத் தோன்றும் பத்திரத்தை அடமானமாகக் கருத வேண்டுமென்றால், நிலத்தைத் திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்துக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். தனித்தாளில் எழுதியது போதாது. ‘பணத்தைக் கொடுத்ததும் திருப்பி எழுதித் தர்றேன், நம்ம ஊருக்குள்ள என்ன’ என்று வாயால் சொன்னதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இன்றும் தனியாரிடம் கடன் வாங்கும்போது அடமானப் பத்திரத்துக்குப் பதிலாகக் கிரயப் பத்திரமோ, கிரய ஒப்பந்தமோ, பவர் பத்திரமோ எழுதி வாங்குவது நடக்கிறது. அப்படி எழுதிவிட்டால் பணத்தை வாங்க மறுக்க வேண்டிய தேவைகூட இல்லை. மீட்கும் உரிமை என்ற ஒன்றே தாளில் இருக்காது.

முழுவதும் அடைபட்ட கதவும் அல்ல அது. கங்காபாய் எதிர் சபுபாய் வழக்கு அதற்குச் சான்று. 1953இல் 2,000 ரூபாய்க் கடனுக்காக ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குப் பெயரளவில் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அது கிரயமே அல்ல என்று நிரூபிக்க அவர் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. ஒரு பத்திரம் உண்மையில் நடைமுறைக்கு வரும் எண்ணத்தோடு எழுதப்படவே இல்லை என்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் சொல்லலாம் என்று 1981இல் தீர்ப்பு வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. இந்த வழக்கில் கடன் கொடுத்தவரும் பெண் என்பதை நாம் மறைக்க வேண்டாம். நிலத்தின்மீது வைக்கும் கண்ணுக்கு ஆண், பெண் கிடையாது. ஆனால் பத்திரம் எழுதும் அறையில் யார் பேசுகிறார், யார் வாசலில் நிற்கிறார் என்பதற்கு உண்டு.

1929ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நான் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்த இன்னொரு பிரிவும் இருக்கிறது. 92ஆம் பிரிவு. கூட்டாளிகளில் ஒருவர் முழுக் கடனையும் அடைத்துச் சொத்தை மீட்டால், மற்றவர்கள் தங்கள் பங்கைத் திருப்பித் தரும்வரை கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமை அவருக்கு வந்து சேரும். அது மட்டுமல்ல. அடமானத்தை மீட்பதற்கான பணத்தை வேறொருவர் கொடுத்திருந்து, அடமானம் வைத்தவர் பதிவுசெய்த பத்திரத்தில் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தால், பணம் கொடுத்தவர் பழைய கடன்காரரின் இடத்துக்கு வருவார். எளிமையாகச் சொன்னால், கணவன் பெயரில் உள்ள வீட்டை மீட்க மனைவி நகையைக் கொடுக்கும்போது, அந்த வீட்டின்மீது அவளுக்கு ஒரு பாத்தியதையை எழுத்தில் உண்டாக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாக இருக்கிறது.

வகுப்பில் இதைச் சொன்னபோது பெண்கள் சிரித்தார்கள். “வளையலைக் கழட்டிக் கொடுக்கும்போது ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வாங்கன்னு கூப்பிட முடியுமா மேடம்?” என்றாள் ஒருத்தி. முடியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே இருந்தது. வெளியாள் பத்திரம் கேட்டால் தொழில், மனைவி கேட்டால் அவநம்பிக்கை. யாக்ஞவல்கியர் விட்டுப்போன விதி சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது, சிரிப்பில் மிச்சமிருக்கிறது.

விலாசதாரர் வாங்க மறுத்தார்

மஞ்சள் பை கதையின் மீதியைச் சொல்ல வேண்டும். இதே நிலையில் இருக்கும் வாசகிக்கு அதன் படிகள் பயன்படலாம்.

தோழி முதலில் கேட்டது, முந்தைய நான்கு முறை போனபோது உடன் சாட்சி யாராவது இருந்தார்களா என்பதை. இல்லை. பணத்தோடு போகிற விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் தனியாகவே போயிருக்கிறார். முறையாகக் கொடுக்க முன்வந்த நாளிலிருந்தே வட்டி நிற்கும் என்று சட்டம் சொன்னாலும், முன்வந்ததை நிரூபிக்க வழியில்லை. அந்த 24,000 ரூபாய் தனியாகப் போனதன் விலை.

பிறகு தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கினார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்ததில் பத்திரம் அடமானமாகவே பதிவாகியிருந்தது தெரிந்தது. அது பெரிய நிம்மதி. அசல் எவ்வளவு, எந்தத் தேதிவரை வட்டி எவ்வளவு என்று ஒரு ரூபாய் குறையாமல் கணக்கிட்டார்கள். தொகை குறைந்தால் வட்டி நிற்காது. முழுத்தொகையும் தயாராக இருக்கிறது, பெற்றுக்கொண்டு அசல் பத்திரத்தைத் திருப்பித் தந்து ரத்துப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று வழக்கறிஞர் நோட்டீஸ் பதிவுத் தபாலில் போனது. உறை பத்து நாளில் திரும்பி வந்தது. அதன்மேல் தபால்காரர் எழுதியிருந்தார்: விலாசதாரர் வாங்க மறுத்தார்.

அவர் அதைப் பார்த்துவிட்டு அழுதார். “இதையும் வாங்கலையே டீச்சர்” என்றார். தோழிக்கோ முகம் மலர்ந்துவிட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இத்தனை நாள் நடந்த மறுப்பு முதன்முறையாகத் தேதியோடும் அரசு முத்திரையோடும் எழுத்தில் வந்துவிட்டது. இனி அது அவருடைய சாட்சி.

83ஆம் பிரிவின்கீழ் மனு போட்டு, பணத்தை நீதிமன்றக் கணக்கில் கட்டினார்கள். தமிழ்நாட்டில் 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டமும் கடன்பட்டவர் பணத்தை நீதிமன்றத்தில் செலுத்த வழி தருகிறது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் தெருவின் பெயர்களையே சட்டத்தில் எழுதிவைத்த சட்டம் அது. அடமானம் பதிவாகியிருந்ததால் இங்கே 1882ஆம் ஆண்டின் பழைய பிரிவே போதுமானதாக இருந்தது. மீட்பு வழக்குக்கு இன்றைய காலவரம்பு 30 ஆண்டு, முன்பு 60 ஆண்டாக இருந்தது. நிலத்தைக் கையில் கொடுத்த ஒத்தியாக இருந்தால் 30 ஆண்டு கடந்தது என்பதாலேயே மீட்கும் உரிமை அற்றுப்போகாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாட்டி காலத்து ஒத்திப் பத்திரம் வீட்டில் கிடந்தால் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இதை எழுதும்போது அந்தப் பணம் நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. அவர் இன்னும் வந்து எடுக்கவில்லை, அசல் பத்திரமும் வீடு வந்து சேரவில்லை. மீட்பு வழக்குப் போட வேண்டியிருக்கும், அதற்கு ஆகும் ஆண்டுகளைத் தோழி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் வட்டி நின்றுவிட்டது. மாதம் 6,000 ரூபாய் ஏறிக்கொண்டிருந்த பயம் நின்றுவிட்டது.

பணம் கட்டிய அன்று வங்கியிலிருந்து வெளியே வந்ததும் அவர் செலானை என்னிடம் நீட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வாசித்துச் சொல்லச் சொன்னார். வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், தொகை எண்ணிலும் எழுத்திலும் என்று வரிசையாக வாசித்தேன். ‘செலுத்துபவர்’ என்ற இடத்துக்கு வந்தபோது அவர் விரலை வைத்து நிறுத்தினார்.

“இது மட்டும் நான் எழுதுனேன் டீச்சர்” என்றார். அவருடைய பெயர். இன்னாரின் மனைவி என்பது அதற்குப் பின்னால்தான் இருந்தது.